கீழ்மாகாணத்து வெயிலும் மழைத்துடைப்பானும்

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மகாவலி கங்கையின் கிளைகள் கடலை நாடிச் செல்லும் வயற்பரப்பினிடையே அமைந்த ஊர் கிளிவெட்டி. மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் நெடுஞ்சாலையிலுள்ள அவ்வூர், ஆண்டில் இரண்டு முகங்களை உடையது. வைகாசி முதற் புரட்டாதி வரை கச்சான் காற்று வீசும், வானம் வெளிறும், வயலோரத்துப் புழுதி சாலைமேற் படியும். ஐப்பசியில் மேகம் கூடி, கார்த்திகையில் வாடை தொடங்கிவிட்டால், அச்சாலையே இருபுறத்து வெள்ளத்துக்கும் நடுவே கிடக்கும் ஒரு வரம்புபோல் ஆகிவிடும். திருகோணமலைப் பகுதியில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசிக்கும் தைக்கும் இடைப்பட்ட சில மாதங்களுக்குள்ளேயே கொட்டித் தீர்ந்துவிடும்.

இவ்வாறு மழையும் வெயிலும் பங்கிட்டுக்கொண்ட நாட்டில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் ஒரு புதிர் உண்டு. மாரியின் முதல் மழை முகப்புக் கண்ணாடியில் விழுந்ததும் சாரதி துடைப்பானை இயக்குகின்றார். எட்டு மாதம் அசையாது கிடந்த அது கிறீச்சிட்டுக்கொண்டு கண்ணாடிமேல் தத்திச் செல்லும். துடைத்த இடத்தில் நீர்க்கோடுகள் எஞ்சும், எதிரே வரும் வண்டியின் விளக்கொளி அக்கோடுகளிற் பட்டுச் சிதறும், வழி மறையும். "மழையே இல்லாதபோது துடைப்பான் எங்ஙனம் தேய்ந்தது?" என்பது வண்டியுடையோர் வினா. தேயவில்லை என்பதே அதற்குரிய விடை. தேய்தல் வேறு, காய்ந்து கெடுதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், பனிநாட்டிற் பிறந்த இச்சிறு கருவி வெயில்நாட்டை அடைந்த கதையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்புறத்து அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அன்டர்சன் என்னும் பெண்மணி, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு குளிர்காலத்தில் நியூயோர்க் நகருக்குச் சென்றார். ஆங்கு அவர் ஏறிய தெருவண்டியின் சாரதி, பனியும் ஈரமும் கண்ணாடியை மூடியமையால் முன்சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே வண்டியைச் செலுத்தினான். குளிர் உள்ளிருந்தோர் அனைவரையும் வாட்டியது. உள்ளிருந்தவாறே ஒரு நெம்புகோலைத் திருப்ப, வெளியே இறப்பர் பதித்த ஒரு கை கண்ணாடிமேற் சென்று மீளுமாறு அப்பெண்மணி ஓர் அமைப்பை வகுத்தார். 1903 நவம்பர் 10 ஆந் திகதி அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1905 இல் அதனை விற்க முயன்றபோது, வணிக மதிப்பில்லாதது என்று கனடாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் மறுத்துவிட்டது. உரிமைக்காலம் 1920 இல் முடிவுற்றது. அதன் பின்னரே துடைப்பான் எங்கும் பரவியது. அவருக்கு ஒரு காசும் வந்து சேர்ந்ததில்லை. 2011 இல், அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலான பின்னர், அந்நாட்டுக் கண்டுபிடிப்பாளர் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

அன்டர்சனின் அமைப்பில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. தேவையில்லாத காலத்தில் அக்கையை முழுவதும் கழற்றி வைத்துவிடலாம். குளிர்காலம் கழிந்ததும் வண்டியின் தோற்றம் கெடாதிருத்தற்கு அவ்வாறு அமைத்தனர் போலும். பின்வந்தோர் அதனை நிலையாகவே பொருத்திவிட்டனர். பனிநாட்டில் அதனால் விளைந்த தீங்கு சிறிது. வெயில்நாட்டில் அது பெரிது.

அக்காலத்து முயற்சிகள் பலவும் குளிர்நாடுகளிலேயே எழுந்தன என்பதும் மறத்தற்குரியதன்று. இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த கிளாட்ஸ்ரன் அடம்ஸ் என்பார் 1908 ஏப்ரலில் உதைபந்தாட்ட இறுதிப்போட்டியொன்றைக் கண்டு தம் வண்டியில் வடக்கே திரும்பும்போது, பனி கண்ணாடியை மூடிக்கொண்டே வர, அடிக்கடி இறங்கி அதனைத் துடைக்க நேர்ந்தது. அதிலிருந்து எழுந்த அவரது அமைப்புக்கு 1911 இல் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்காவில் ஏரிக்கரைப் பனிக்குப் பெயர்பெற்ற பஃபலோ நகரில், ஜோன் ஒய்ஷி என்பார் மழையிரவொன்றிற் செலுத்திய வண்டி ஒரு துவிச்சக்கர வண்டிக்காரர்மீது மோதியது. அவ்விபத்தின் அதிர்ச்சியே அவரை 1917 இல் துடைப்பான் செய்யும் நிறுவனம் தொடங்கத் தூண்டியது. அதுவே பின்னர் திரைக்கோ எனப் பெயர்பெற்றது. அவர்கள் முதலில் விற்றது கையாற் பிடித்து இழுக்கும் எளிய இறப்பர்க் கருவியே. அக்காலத்து முகப்புக் கண்ணாடி மேல், கீழ் என இரு துண்டுகளாய் இருந்தது. அவற்றின் இடைவெளியூடே அக்கருவியை நுழைத்து இழுப்பர். மழையில் ஒரு கை திசைமாற்றியிலும் மறுகை துடைப்பானிலுமாகச் சாரதிகள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை.

கையின் வேலையை எந்திரத்துக்கு ஒப்படைக்க இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று, எந்திரம் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தின் உறிஞ்சுவிசையாற் துடைப்பானை அசைப்பது. மற்றொன்று மின்மோட்டாரால் அசைப்பது. மின்னால் இயங்கும் துடைப்பானுக்கு 1917 இலேயே சார்லொட் பிரிட்ஜ்வூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி உரிமை பெற்றார். அதுவும் அவருக்குப் பயன்படவில்லை. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1926 இல் மின்துடைப்பானைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உறிஞ்சுமுறை மலிவானது, ஆயின் ஒரு பெருங்குறை உடையது. மேட்டில் ஏறவோ முந்திச் செல்லவோ சாரதி எந்திரத்தை முடுக்கும்போது உறிஞ்சுவிசை குன்றும். துடைப்பான் தளர்ந்து நின்றுவிடும். கண்ணாடி தெளிவாக இருக்கவேண்டிய வேளை எதுவோ அவ்வேளையிலேயே அது கைவிட்டது. 1950 களில் வெளிவந்த போட் ஆங்கிலியா வண்டிகள் இம்முறையை உடையன. 1948 இல் தோன்றி இலங்கையெங்கும் குடும்ப வண்டியாகப் பழகிப்போன மொரிஸ் மைனருக்கோ மின்துடைப்பான். இரண்டையும் ஓட்டிப் பழகியோர் மலைநாட்டுச் சாலையில் மைனரையே விரும்பியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

விட்டுவிட்டுத் துடைக்கும் அமைப்பு மிகப் பிந்தியது. றொபேட் கேர்ன்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், தம் திருமண நாளிரவில் மதுப்புட்டியின் அடைப்புத் தெறித்து ஒரு கண்ணின் பார்வையை ஏறக்குறைய இழந்தவர். கண்ணிமை இடைவிட்டு இமைப்பதுபோல் துடைப்பானும் ஏன் இயங்கலாகாது என்று எண்ணி, 1960 களில் அதற்குரிய மின்சுற்றை வகுத்து உரிமை பெற்றார். பெருநிறுவனங்கள் அதனைத் தம் வண்டிகளிற் பொருத்தின. அவர் வழக்குத் தொடுத்தார். 1990 இல் போட் நிறுவனம் 10 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகை கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. வெற்றி கிடைத்தபோது அவர் வாழ்வின் பெரும்பகுதி நீதிமன்றங்களிற் கழிந்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்கும் கருவியின் வரலாற்றில் கண்டுபிடித்தோர் கண்ணீரும் சிறிது கலந்தேயுள்ளது.

மோட்டாரும் நெம்புகோலும் எவ்வளவு திருந்தினும், கண்ணாடியைத் தொடுவது ஒரு மெல்லிய இறப்பர் விளிம்பு மட்டுமே. அவ்விறப்பரின் வரலாறு இலங்கையோடு நெருங்கிய தொடர்புடையது. 1876 இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் வித்துக்களை இலண்டனின் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. அம்முளைகளுள் ஏறத்தாழ 1,900 அதே ஆண்டிலேயே இலங்கைக்குக் கப்பலேறின. கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நாட்டி வளர்க்கப்பட்டன. ஆசியாவின் பெருந்தோட்ட இறப்பருக்கு அத்தோட்டமும் ஒரு தாய்மடி ஆயிற்று. பெயரைப் பற்றியும் ஈண்டு ஒன்று சொல்லலாம். பென்சிற் கோட்டை அழித்துத் தேய்க்கப் பயன்பட்டமையால், 1770 அளவில் ஆங்கிலத்திற் தேய்ப்பது என்னும் பொருள்பட அதற்கு அப்பெயர் வழங்கலாயிற்று. ஆகவே கண்ணாடியைத் தேய்த்துத் துடைக்கும் தொழில் அதன் பெயரோடு ஒட்டிப் பிறந்ததே எனலாம்.

இறப்பர் மரம் மழையை விரும்புவது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் அது தழைக்கும். கச்சான் வீசும் கீழ்க்கரை அதற்கு ஏற்றதன்று. ஆயினும் அம்மரத்தின் நன்மையும் தீமையும் திருகோணமலையையும் தீண்டாது விடவில்லை. 1942 இல் மலாயா யப்பானியர் வசமானபின் நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பர்க் களஞ்சியங்களுள் இலங்கையே தலையாயது. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி திருகோணமலைத் துறைமுகத்தின்மேற் குண்டுமழை பொழிந்தது. அதன்பின் 1952 இல் சீனாவுடன் இலங்கை செய்துகொண்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் செல்ல, 270,000 தொன் அரிசி வந்தது. நெல்விளையும் கிளிவெட்டி போன்ற ஊர்களுக்கும், இறப்பர்ப் பால் வடியும் மேற்குக் குன்றுகளுக்கும் இடையில் இவ்வாறு ஓர் எதிர்பாராத உறவு இருந்தது.

மழைநாட்டு மரத்தின் பிசின் வெயில்நாட்டுக்கு வந்தால் அதற்கு நேர்வது யாது? 1839 இல் சாள்ஸ் குட்இயர் கண்டவாறு, கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கிய இறப்பர் குளிரில் உடையாது, வெப்பத்தில் உருகாது. ஆயினும் அதன் மூலக்கூற்றுத் தொடரில், பிறவற்றோடு எளிதில் வினைபடும் இரட்டைப் பிணைப்புக்கள் பல எஞ்சி நிற்கும். காற்றிலுள்ள ஓசோன் என்னும் வாயு அவற்றைத் தேடி அறுக்கும். இழுபட்ட நிலையிலோ வளைந்த நிலையிலோ உள்ள இறப்பரில், இழுவிசைக்குக் குறுக்காக மயிர்போன்ற வெடிப்புக்கள் தோன்றுவது இதனாலேயே. வெயிலின் புறஊதாக் கதிரும் கண்ணாடியின் வெப்பமும் அதற்குத் துணைபோகும். செய்வோர் இதனை அறியாதவரல்லர். மெழுகு போன்ற காப்புப் பொருள்களைக் கலப்பர். விளிம்பைக் குளோரினால் பதப்படுத்துவர். காரீயப் பூச்சும் இடுவர். இவை கேட்டினைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடமாட்டா.

துடைப்பானின் விளிம்பு செய்யும் வேலை வெறும் உரசல் அன்று. கை ஒரு பக்கம் செல்லும்போது அவ்விளிம்பு பின்னே சாய்ந்து நீரை வழித்துச் செல்லும். மீளும்போது மறுபக்கம் புரண்டு சாயும். இப்புரளுதல் நிகழும்பொருட்டே விளிம்புக்கு மேலே ஒடுங்கிய கழுத்தொன்று வைக்கப்பட்டுள்ளது. எட்டு மாதம் ஒரே நிலையிற் கண்ணாடிமேற் சாய்ந்து வெயிலிற் கிடந்த இறப்பர் அச்சாய்வையே தன் இயல்பாகக் கொண்டுவிடும். பின்னர் மழையில் இயக்கினால் ஒருபக்கம் நன்கு வழிக்கும். மறுபக்கம் புரள மறுத்துத் தத்தும். கிறீச்சொலிக்குக் காரணம் அதுவே. பயன்படுத்தாமையாற் கெடுதல் என்பது இதன் இயல்பு. நாள்தோறும் மழையுள்ள நாட்டில் விளிம்பு தேய்ந்து கெடும்; கிளிவெட்டியிற் கிடந்து கெடும்.

புழுதியின் தொழிலும் சிறிதன்று. அறுவடைக்காலத்தில் நெல்லேற்றிய உழவு இயந்திரங்கள் எழுப்பும் மண், கண்ணாடிக்கும் இறப்பருக்கும் இடையிற் படியும். மண்ணிலுள்ள படிகக்கல் கண்ணாடியிலும் கடினமானது. நீர் தெளியாது துடைப்பானை ஒருமுறை இயக்கினாலும் போதும். விற்போன்ற கீறல்கள் கண்ணாடியில் நிலைத்துவிடும். துடைப்பானை மாற்றலாம், அக்கீறலை மாற்றலாகாது.

இதனாலாகும் கேடு எத்தகையது என்பதைக் கணக்கே காட்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கும். நிமிடத்துக்கு 45 முறை சென்று மீளும் துடைப்பான், ஒருமுறை சென்று மீளுவதற்குள் வண்டி 22 மீற்றர் முன்சென்றுவிடும். அதற்குள் ஒரு வழிப்பு வீணாயின், அவ்வளவு தூரத்தின் பாதி கண்மூடிச் சென்றதாகும். கீழ்மாகாணத்து மாரியிரவில் மாடுகள் ஈரமற்ற இடம் நாடித் தார்ச்சாலையிற் படுத்திருக்கும். கரிய எருமை மழையில் விளக்கொளிக்கும் புலப்படாது. மிதிவண்டியிற் குடைபிடித்து வீடு திரும்பும் கூலியாளரும் அச்சாலையிலேயே வருவர். துடைப்பானின் இறப்பர் கெட்டிருப்பின் அதன் விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் வண்டிக்குள் இருப்போர் அல்லர்.

முற்காலத்தில் வேகம் குறைவு, தடைகளும் மிகுதி. கிண்ணியா, உப்பாறு, கங்கை, வெருகல் எனத் துறைக்குத் துறை வண்டியை மிதவையில் ஏற்றி இறக்கவேண்டும். வண்டி நின்று நின்று சென்றமையால், கெட்ட துடைப்பானோடும் ஒருவாறு காலங்கழித்தனர். கண்ணாடியிற் புகையிலையைத் தேய்த்தால் நீர் துளியாய் நில்லாது பரந்தோடும் என்பது தென்னாசிய லொறிச் சாரதிகளின் பழைய கைவைத்தியம். 1960 களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய வண்டிகளையும் அவற்றின் உறுப்புக்களையும் பேணி ஓட்டுவது ஒரு கலையாகவே வளர்ந்தது. அடுத்து வந்த போர்க்காலத்திற் சாலையே பல ஆண்டுகள் அச்சத்துக்குரியதாயிற்று. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011 அளவில் ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் அமைந்தன. மிதவைகள் ஓய்ந்தன, சாலை செப்பனிடப்பட்டது, வேகமும் பெருகியது. பழைய வேகத்துக்குப் போதுமானதாயிருந்த கண்ணாடி இன்றைய வேகத்துக்குப் போதாது என்பதைச் சாலையின் இவ்வரலாறே கூறும்.

ஆதலின் இப்பகுதியில் துடைப்பான் இறப்பரை மாற்றுதற்குரிய காலம் தேய்மானத்தைக் கொண்டு குறிக்கப்படுவதன்று, பருவத்தைக் கொண்டு குறிக்கப்படுவதாகும். உழவர் வாய்க்காலைத் துப்புரவாக்கும் புரட்டாதியே அதற்கும் ஏற்ற மாதம். சித்திரையில் மாற்றுவோர் புதிய இறப்பரை வெயிலுக்கு இரையாக்குகின்றனர். மாரியின் நடுவில் மாற்றுவோரோ, கடையில் தம் வண்டிக்குரிய அளவு தீர்ந்துவிட்டதைக் கண்டு திரும்புகின்றனர்.

மாற்றும் தொழில் எளிது. எனினும் அவசரப்படுவோர் கண்ணாடியை உடைத்துக்கொண்டதும் உண்டு. துடைப்பானின் கையை உயர்த்தி நிறுத்தியதும், கண்ணாடிமேல் ஒரு தடித்த துணியை மடித்து இடுதல் முதற்கடமை. அக்கைக்குள் வலிய சுருள்வில் உண்டு; துடைப்பான் கழன்ற கை விரலினின்று நழுவினால், வெறும் உலோகக் கொக்கி சம்மட்டிபோற் கண்ணாடியிற் விழும். வலப்புறத்துக்கும் இடப்புறத்துக்கும் நீளம் பெரும்பாலும் வேறுபடும். பழையதை அளந்தே புதியதை வாங்குதல் வேண்டும். நீளம் கூடின் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். குறையின் சாரதியின் கண்ணெதிரே துடைபடாத பட்டையொன்று எஞ்சும். கொக்கி வடிவான கையாயின், நடுவிலுள்ள சிறு தடையை அழுத்திக்கொண்டு துடைப்பானைக் கீழ்நோக்கித் தள்ளினாற் கழலும். புதியதை எதிர்த்திசையில் இழுத்து, "டக்" என்ற ஒலி கேட்கும்வரை பொருத்தவேண்டும். வளைந்த கண்ணாடிகள் வந்தபோது, அழுத்தம் எங்கும் சமமாய்ப் பரவும்பொருட்டுக் கிளைக்கிளையான உலோகச் சட்டம் அமைக்கப்பட்டது. 1956 இல் ஒரே வளைகண்ணாடியோடு வந்த மொரிஸ் மைனர் அம்மாற்றத்துக்குச் சான்று. அச்சட்டம் வளையாது நன்றாயிருப்பின் இறப்பர்ப் பட்டையை மட்டும் உருவி மாற்றுதல் செலவைக் குறைக்கும். பட்டையின் இருபுறத்திலுமுள்ள உருக்குத் தகடுகளின் வளைவு கண்ணாடியை நோக்கியே இருத்தல் வேண்டும். மாறிப் பொருத்துவோர் பலர். 1999 முதல் வரும் சட்டமற்ற வளைதுடைப்பான்களிற் பெரும்பாலும் முழுவதையுமே மாற்ற நேரும்.

புதியதைப் பொருத்துமுன் கண்ணாடியைச் சவர்க்கார நீராற் கழுவி, எண்ணெய்ப் படலத்தை அகற்றல் வேண்டும். இன்றேற் புதிய இறப்பரும் பழையதுபோலவே கோடிடும். வண்டியை நிழலில் நிறுத்தி, ஒரு குவளை நீரை மேலிருந்து ஊற்றி இயக்கிப் பார்க்கலாம். செல்லும்போதும் மீளும்போதும் ஒரே தெளிவு தோன்றின், விளிம்பு இருபுறமும் நன்கு புரள்கின்றது. ஒருபுறத்தில் மட்டும் கோடு தோன்றினால், இறப்பரைக் குறைகூறுமுன் கையின் முறுக்கத்தை நோக்குதல் வேண்டும். மழை ஓய்ந்த மாதங்களிலும், வாரத்துக்கொருமுறை ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்து, நீர் தெளித்துச் சிலமுறை இயக்கினால், அது ஒருபக்கச் சாய்வில் உறைந்துவிடாது. வண்டியை நெடுநாள் வெயிலில் நிறுத்தி வைப்போர், அன்டர்சன் அம்மையார் எண்ணியவாறே, துடைப்பானைக் கழற்றிக் கையின் நுனியில் துணி சுற்றி வைத்துவிடலாம். ஐப்பசி மேகம் கொட்டியாரக் குடாவின்மேற் கருக்கும்போது அதனை எடுத்துப் பூட்டிக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.